‘நலம்’ என்று எழுதிய பதிவேடு



எங்கள் பள்ளித் தோட்டத்தில் வளர்த்த ஒரு தேனீக் கூட்டம் அழிந்துபோனது. ஒரு தேனீக் கூட்டம் அழிவது உலகிற்குப் பெரிய செய்தி அன்று. ஆனால், அது மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருந்த அத்தனை வாரங்களிலும் எங்கள் பதிவேடு ‘நலம்’, ‘நலம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதனை எழுதுகிறேன். பிழை மாணவர்களுடையது அன்று, என்னுடையது. அதனை மறைக்காமல் சொன்னால் மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

நடந்தது என்ன?

ஜொகூர் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். 2022-ஆம் ஆண்டில் பெற்றோர் ஒருவர் இரண்டு கெலுலுட் கூடுகளைப் பள்ளிக்கு அன்பளிப்பாக வழங்கினார். கெலுலுட் என்பது கொடுக்கு இல்லாத சிறிய தேனீ. தமிழ்நாட்டில் இதன் இனத்தைக் கொசுத்தேனீ என்பார்கள். பொந்துள்ள ஒரு மரத்துண்டுக்குள் ராணியும் குஞ்சுகளும் இருக்கும். மரத்துண்டின் தலையில் ஒரு பலகைப் பெட்டியைப் பொருத்திவிட்டால், தேனீக்கள் அதற்குள் சிறுசிறு குடங்களைக் கட்டித் தேனைச் சேர்க்கும். பிசினால் ஆன ஒரு குழாய்தான் கூட்டின் வாசல். கொட்டாது என்பதால் வீட்டு முற்றத்திலும் பழத்தோட்டத்திலும் பலர் இதனை விரும்பி வளர்க்கிறார்கள். 2017-இல் கெலுலுட் தேனுக்கென்றே மலேசியத் தர நிர்ணயம் ஒன்று வெளிவந்தது.

நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கூடுகளை ஒப்படைத்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் ஓய்வு நேரத்திற்கு முன்பு இருவர் சென்று பார்த்து எழுத வேண்டும். நீல நிறக் கோப்பு ஒன்றில் அட்டவணை தயாரித்தேன். நாள், நேரம், வானிலை, கூட்டத்தின் நிலை, கையொப்பம் என ஐந்து கட்டங்கள்.

முதலிரண்டு வாரம் அவர்கள் எழுதியதை இன்று படித்தாலும் மகிழ்ச்சியாக இருக்கிறது. “குழாய் வாயில் நான்கு ஈ காவல் நிற்கின்றன.” “ஓர் ஈ காலில் மஞ்சள் உருண்டையோடு வந்தது.” மூன்றாம் வாரம் ஒரு மாணவன் எழுதினான்: “கீழே ஆறு ஈ செத்துக் கிடக்கின்றன. எறும்பு இழுத்துப் போகிறது.”

அடுத்த வாரம் பள்ளிக்கு வெளியிலிருந்து சிலர் வருவதாக இருந்தது. தோட்டத்தையும் பார்வையிடுவார்கள். நான் அந்த மாணவனை அழைத்து, “தம்பி, இதையெல்லாம் எழுத வேண்டாம். பார்க்கிறவர்கள் நாம் ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று நினைப்பார்கள். நலம் என்று எழுது” என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அழிப்பானை எடுத்து அழித்தான். அந்த இடத்தில் தாள் இன்னும் நைந்து கிடக்கிறது. அதன்மேல் ‘நலம்’ இருக்கிறது.

வந்தவர்கள் கோப்பின் ஒழுங்கைப் பாராட்டினார்கள், படமும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பதினைந்து வாரத்திற்கும் ‘நலம்’தான், கையெழுத்து மட்டும் மாறுகிறது.

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியபோது ஒரு கூட்டின் குழாய் வறண்டு வெடித்திருந்தது. வாயில் காவல் இல்லை. பெட்டியைத் திறந்தேன். புளித்த நாற்றம். குடங்கள் உடைந்து ஒழுகியிருந்தன. ஒருவகைச் சிற்றீயின் புழுக்கள் நெளிந்தன. வலுவான கூட்டத்தில் அந்த ஈ எளிதில் நுழைந்துவிடாது. காவல் தளர்ந்த கூட்டத்தில்தான் அது முட்டையிட்டுப் பெருகும். அப்படியென்றால் கூட்டம் அதற்கு முன்பே தளர்ந்திருக்கிறது. எப்போது தளர்ந்தது? எதனால்? எறும்பா? அருகில் யாரேனும் தெளித்த மருந்தா? ராணி இறந்துபோனதா? விடை தேடி நீலக் கோப்பைப் புரட்டினேன். பதினைந்து முறை ‘நலம்’ என்றிருந்ததே தவிர, எனக்கு உதவக்கூடிய ஒரு சொல்கூட அதில் இல்லை.

விடுமுறைக்கு முந்திய வாரம் கையொப்பமிட்டிருந்த நான்காம் ஆண்டு மாணவியைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டாள். “அன்னிக்கு ஈயே வரலை டீச்சர். ஆனா மேல எல்லாம் நலம்னுதானே இருந்துச்சு...”

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

உற்றறிதலும் ஊகித்தலும்

அறிவியல் செயற்பாங்குத் திறன்களில் முதலாவதாக உற்றறிதலைக் கற்பிக்கிறோம். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐம்புலன்களால் அறிவது உற்றறிதல். உற்றறிந்ததைக் கொண்டு காரணமோ முடிவோ சொல்வது ஊகித்தல். இவ்விரண்டையும் பிரித்தறியச் சொல்லிப் பயிற்சித் தாள் கொடுக்கிறோம், புள்ளியும் போடுகிறோம்.

என் அட்டவணையின் நான்காம் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். ‘கூட்டத்தின் நிலை’ என்று தலைப்பிட்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒரு மரத்துண்டின் முன்னால் நின்று கூட்டத்தின் நிலையை எப்படிக் காண்பான்? அவன் காணக்கூடியவை குழாய், ஈ, எறும்பு, ஈயின் காலில் ஒட்டிய மகரந்தம் ஆகியவையே. ‘நலம்’ என்பது ஊகம். வகுப்பறையில் எதனைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேனோ, அதனைத் தோட்டத்தில் நானே ஒன்றாகக் குழப்பிவிட்டேன். போதாக்குறைக்கு, ஒருவன் மெய்யாக உற்றறிந்து எழுதியதை அழிக்கவும் செய்தேன்.

கூட்டைத் திறப்பவர் எதைப் பார்க்கிறார்?

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு தேனீ வளர்ப்பவர்கள் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். சட்டம் வைத்த பெட்டியில் தேனீ வளர்ப்பவர், பெட்டியைத் திறந்ததும் ஆயிரக்கணக்கான ஈக்களுக்கு நடுவில் ராணியைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. அறைகளில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார். தேனீயின் முட்டை மூன்று நாளில் பொரித்துவிடும். ஆகவே, முட்டையைக் கண்டால், கடந்த மூன்று நாளுக்குள் அங்கே முட்டையிடும் ராணி இருந்திருக்கிறது என்று பொருள். ‘ராணி நலம்’ என்று எழுதாமல், ‘முட்டை கண்டேன்’ என்று எழுதுவார். ராணியைக் காணவில்லையென்றால் ‘ராணி காணவில்லை, முட்டை உண்டு’ என்று இரண்டையும் எழுதுவார்.

நாள் குறிப்பது ஏன் இன்றியமையாதது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஐரோப்பியத் தேனீயில் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறக்குறைய 21 நாளாகும். கெலுலுட்டுக்கு அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். இன்று பறக்கிற ஈக்கள் எல்லாம் வாரக்கணக்கிற்கு முன்பு இடப்பட்ட முட்டைகள். இன்றே ராணி இறந்துவிட்டாலும், வாசலில் நின்று பார்ப்பவருக்கு நாளையும் அடுத்த வாரமும் கூட்டம் சுறுசுறுப்பாகவே தோன்றும். குறை கண்ணுக்குத் தெரியும்போது காரணம் வாரக்கணக்கில் பின்னால் போயிருக்கும். அந்தக் காரணத்தைத் தேடிப் போக இருக்கும் ஒரே வழி நாளிட்ட பதிவுதான். அந்தப் பதிவும் மெய்யாக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களே, இது நமக்குப் புதிய செய்தியா? நான்காம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் குறை நான்காம் ஆண்டிலா தொடங்கியது? முதலாம் ஆண்டில் உயிர்மெய்யெழுத்தில் அவன் தடுமாறிய வாரத்தில் யாரேனும் அதனை உள்ளபடி எழுதி வைத்திருந்தால், அடுத்த ஆசிரியர் இருட்டில் தேட வேண்டியிருக்காது.

கண் தெரியாத அறிஞர்

இங்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரான்சுவா ஹூபர் இளமையிலேயே பார்வையை இழந்தவர். ஆயினும் தேனீக்களைப் பற்றி அவர் 1792-இல் வெளியிட்ட நூல் இன்றும் போற்றப்படுகிறது. பார்வையற்றவர் எப்படித் தேனீயைப் பார்த்தார்? அவருக்குப் பணியாளராக ஃபிரான்சுவா புர்னென் என்பவர் இருந்தார். ஹூபர் கேள்வி கேட்பார்; புர்னென் கூட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். சட்டங்களைப் புத்தகத் தாள்போலப் புரட்டிப் பார்க்கத்தக்க ஒரு கூட்டையும் ஹூபர் அமைத்தார். ஒருமுறை இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. புர்னென் பதினொரு நாள் செலவிட்டு அதனைச் செய்து முடித்தார்.

எசமானருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் புர்னென் பதில் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஹூபருக்கு அதனைச் சரிபார்க்க வழியே இல்லை. அவருடைய நூல் முழுவதும் பொய்யாகியிருக்கும். அது பொய் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது.

நீலக் கோப்பின் முன்னால் நான் பார்வையற்ற ஹூபராகத்தான் அமர்ந்திருந்தேன். எனக்குக் கண்ணாக இருந்தவர்கள் என் மாணவர்கள். அந்தக் கண்ணை நானே மூடினேன்.

பால்மர நாட்டுப் பாடம்

நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிகள் ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். அந்த மரம் பால் மட்டும் தருவதில்லை. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் நாள்களில், மூன்று இலைகளும் காம்பில் கூடும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதனைச் சேகரித்துத் தேனாக்கும். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் வட்டாரத்தில், தேன் தொழில் பெரிதும் இந்தப் பால்மரக் காடுகளை நம்பியே வளர்ந்தது. அங்கு வளர்க்கப்படுவது நம் நாட்டிலும் உள்ள அடுக்குத் தேனீ.

1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஒரு நச்சுயிரி நோய் பரவியது. 1976-இல் தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அதனைத் தாய் சாக்புரூட் நோய் என்கிறார்கள். வளர்ந்த ஈக்களை விட்டுவிட்டு அது புழுக்களைத் தாக்கும். இறந்த புழு நீர் நிறைந்த பைபோலாகி, அறைக்குள் தலையை உயர்த்தியபடி கிடக்கும். வாசலில் ஈக்கள் பறந்துகொண்டிருக்கும். உள்ளே அடுத்த தலைமுறை அழுகிக்கொண்டிருக்கும். அந்த நோயில் கன்னியாகுமரி, கேரளப் பகுதிகளின் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. எத்தனையோ குடும்பங்கள் தொழிலை இழந்தன.

பிறகு தொழில் மீண்டது. நோயைத் தாங்கி நின்ற சில கூட்டங்களிலிருந்து புதிய கூட்டங்களைப் பெருக்கியது அதற்கு உதவியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கூட்டம் நோயுற்றது, எது நோயுற்று மீண்டது, எது நோயே காணாமல் நின்றது என்று தெரிந்தவரால்தான் தாங்கி நிற்கும் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். எல்லாப் பெட்டியின் மீதும் ‘நலம்’ என்று எழுதி வைத்திருப்பவருக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது.

குளுவாங்கிற்கு வந்த வண்டு

நம் மாநிலத்திலேயே இன்னொரு சான்று உண்டு. இது தேனீயைப் பற்றியதன்று, வண்டைப் பற்றியது. செம்பனைப் பூவுக்குக் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால், நம் நாட்டில் காய்ப்புப் போதவில்லை. ஆகவே, மகரந்தத் தூளை டால்க் மாவோடு கலந்து, தோட்டத் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் தூவினார்கள்.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி கேமரூன் நாட்டில் பணியாற்றியபோது, செம்பனையின் ஆண் பூங்குலையில் சிறு கூன்வண்டுகள் மொய்ப்பதைக் கண்டிருந்தார். பின்னாளில் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் அங்கு சென்று ஆராய்ந்து, மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை அந்த வண்டுகளே என்று காட்டினார். மற்றப் பயிர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதித்த பிறகு, 1981-இல் நம் குளுவாங் வட்டாரத்தில் அவ்வண்டுகளை விட்டார்கள். கையால் தூவும் வேலை அதன்பின் தேவையற்றுப் போனது.

புத்தகத்தில் ‘காற்று’ என்றிருக்க, ஒருவர் பூவின் அருகே சென்று ‘வண்டு’ என்று கண்டார். மேலே எல்லாரும் ‘காற்று’ என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று அவரும் எழுதியிருந்தால்? என் மாணவி சொன்ன சொல் இங்கேதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

நம் கோப்புகள் எப்படி?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்வதில் நாம் எழுதும் வகுப்பறை மதிப்பீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அடைவுநிலை 1 முதல் 6 வரை. அதனை நாம் எப்படி எழுதுகிறோம்?

நான் பிறரைக் குறை சொல்லவில்லை, என்னையே சொல்கிறேன். அடைவுநிலை 2 என்று எழுதினால் கேள்வி வரும், பெற்றோர் வருந்துவர், கூடுதல் அறிக்கை எழுத வேண்டும் என்று எண்ணி, 3 என்று எழுதிய நாள் எனக்கு உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் பயின்ற காலத்தில், செயற்கோப்பு கெட்டியாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, அதில் எழுதியது மெய்யா என்பதில் நாங்கள் காட்டவில்லை. அந்தப் பழக்கம் இருபது ஆண்டு கழித்து ஒரு பத்து வயதுச் சிறுவனின் கையில் அழிப்பானாக வந்து சேர்ந்தது.

அடைவுநிலை 2-ஐ 3 என்று எழுதிய பிள்ளைக்கு உதவி கிடைக்காது. ஏடு அவன் நலமாக இருக்கிறான் என்று சொல்கிறதே! நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தாம். ஒவ்வொரு பிள்ளையையும் உற்றறிய நமக்குக் கிடைத்த வாய்ப்பு பெரிய பள்ளிகளில் எளிதில் கிடைக்காதது. அதனை ஓர் எண்ணில் கரைத்துவிடலாமா?

“நேரம் எங்கே இருக்கிறது?”

சக ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. நாள் பாடத்திட்டம், கணினியில் பதிவு, அறிக்கை, போட்டிகள் என்று எழுத்து வேலை நம்மை அழுத்துவது உண்மை. இன்னும் ஒரு கோப்பைத் தொடங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பழைய அட்டவணைக்கும் வாரம் ஐந்து நிமிடம்தான் செலவானது. அந்த ஐந்து நிமிடத்தில் ‘நலம்’ என்றும் எழுதலாம். எத்தனை ஈ வந்தன என்றும் எழுதலாம். நேரம் ஒன்றே.

இன்னொரு கேள்வியும் எழும். “குறையை எழுதி வைத்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வராதா?” வரக்கூடும். எனக்கும் அந்த அச்சம் இருந்தது. இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஆனால், இறந்த ஆறு ஈக்களை எழுதியிருந்தால் வந்தவர்கள் ஒருவேளை முகம் சுளித்திருப்பார்கள். அவர்களில் விவரம் தெரிந்த ஒருவர் “எறும்பு ஏறாமல் கால்களுக்கு எண்ணெய் தடவுங்கள்” என்றும் சொல்லியிருப்பார். பாராட்டு கிடைத்தது, கூட்டம் போய்விட்டது.

புதிய பதிவேடு

இரண்டாவது கூடு பிழைத்திருந்தது. அதற்கு ஒரு சாதாரணப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தோம். மாணவர்களோடு அமர்ந்து சில விதிகளை வகுத்தோம்.

முதலாவது, ஒரே கிழமை, ஒரே நேரம். ஒருவர் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்தில் எத்தனை ஈ உள்ளே நுழைந்தன, அவற்றுள் எத்தனை மகரந்தத்தோடு வந்தன என்று கோடிட்டு எண்ண வேண்டும்.

இரண்டாவது, குழாய் வாயில் காவல் உண்டா, குழாயின் விளிம்பு பிசுபிசுப்பாக உள்ளதா அல்லது வறண்டதா, கீழே இறந்த ஈ எத்தனை, எறும்பு உண்டா இல்லையா என்று பார்த்தபடி எழுத வேண்டும்.

மூன்றாவது, ‘இல்லை’, ‘பார்க்கவில்லை’, ‘தெரியவில்லை’ ஆகிய மூன்றும் ஏற்கத்தக்க விடைகள். மூன்றும் ஒன்றன்று என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். எறும்பு இல்லை என்பது வேறு. எறும்பு உண்டா என்று பார்க்கவில்லை என்பது வேறு.

நான்காவது, அழிப்பான் கூடாது. பிழையானால் ஒரு கோடு போட்டு அருகில் எழுத வேண்டும்.

ஐந்தாவது, ‘என் ஊகம்’ என்று தனிக் கட்டம். அதில் ‘நலம்’ என்றும் எழுதலாம். ஆனால், காரணம் வேண்டும்.

நவம்பர் மழையில் எண்ணிக்கை சரிந்தது. முந்திய மாதம் அறுபதுக்கு மேல் இருந்தது. ஒரு வாரம் 22 ஆனது. பழைய கூட்டை நினைத்து எனக்கு நெஞ்சு படபடத்தது. ஒரு மாணவன் ‘நோய்’ என்று ஊகித்தான். இன்னொருத்தி ‘மழை’ என்றாள். இருவரும் சண்டையிடாமல் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். தூறல் விழுந்த வேறு இரண்டு புதன்கிழமைகளிலும் எண்ணிக்கை குறைந்து, வெயில் வந்த வாரம் உயர்ந்திருந்தது. காவலும் மாறாமல் இருந்தது. ‘மழை, அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று எழுதினார்கள். அடுத்த வெயில் வாரத்தில் 58. அந்த இருவரும் அன்று கற்றதை நான் எந்தப் பயிற்சித் தாளில் கற்பித்திருக்க முடியும்?

அந்தப் புத்தகத்தால் கூட்டம் சாகாமல் இருந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நாளை இதுவும் அழியக்கூடும். அழிந்தால், எந்த வாரத்திலிருந்து தளர்ந்தது என்றாவது எங்களுக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டில் பிள்ளை “தெரியலைம்மா” என்று சொன்னால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். அது பல வேளைகளில் நேர்மையான விடை. பிள்ளையின் அடைவுநிலை 2 என்று ஆசிரியர் எழுதியிருந்தால், “ஏன் குறைத்தீர்கள்?” என்று கேட்பதற்கு முன், “எதைப் பார்த்து அப்படி எழுதினீர்கள்?” என்று கேளுங்கள். விளக்கம் சொல்லும் ஆசிரியர் உங்கள் பிள்ளையை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். உள்ளபடி எழுதும் ஆசிரியருக்கு நீங்கள் துணை நின்றால், எங்களைப் போன்றோர்க்கு அச்சம் குறையும்.

வீட்டில் கூடு வளர்ப்பவர்களும் பிள்ளையிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து எழுதச் சொல்லலாம். கெலுலுட் கொட்டாது; ஆனால், கூட்டைக் கலைத்தால் தலைமுடியில் ஒட்டிக் கடிக்கும். கொட்டும் தேனீயாக இருந்தால் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாம் வாரம் உள்ளபடி எழுதிய அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் முன்பு ஒருநாள் அழைத்து, “அன்று நீ எழுதியதுதான் சரி, நான் அழிக்கச் சொன்னது தவறு” என்று சொன்னேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “ஏழு டீச்சர். ஒன்னு எறும்பு கொண்டுபோனப்புறம்தான் எண்ணுனேன்” என்றான்.

நீலக் கோப்பில், நைந்த தாளின் ஓரத்தில், கோடு போட்டு அதனை எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜொகூரிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை